கல்லு பழகின கதை

தமிழ்ல ஒரு அழகு இருக்கு, கவனிச்சிருக்கீங்களா? மாவைக் கல்லுல ஊத்தினா அது தோசை 'வார்க்கிறது'. உருக்கின இரும்பை அச்சுல ஊத்தினா அதுவும் 'வார்க்கிறது'தான். வார்ப்பிரும்புன்னு பேரே அப்படித்தான் வந்தது. ஆக, வார்த்த இரும்பு மேல மாவை வார்க்கிறோம்.

இந்த ரெண்டு வார்ப்புக்கும் நடுவுல இன்னொரு வேலை இருக்கு. அதுக்குப் பேரு 'பழக்குறது'. புதுக் கல்லைப் பழக்கணும், கன்னுக்குட்டியைப் பழக்குற மாதிரி. பழகாத கல்லுல தோசை வராது, துணுக்கு துணுக்கா சுரண்டி எடுக்கணும்.

இரும்பை வார்த்த கதையை எழுத ஆள் உண்டு. யார் வார்த்தார், எந்த வருஷம், யார் பேர்ல காப்புரிமை, எல்லாம் பதிவாகியிருக்கு. பழக்கின கதைக்கு அப்படி ஆவணம் தேடினா ஏமாற்றம்தான். காரணம் சுலபம். அது அடுப்படியில் நடந்த வேலை. பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை. அதுக்குக் கூலியும் கிடையாது, காப்புரிமையும் கிடையாது. ஆனா அந்த வேலை நடக்கலைன்னா ஃபவுண்டரியிலிருந்து வந்தது பாதிச் சாமான்தான். மீதிப் பாதி வீட்டுலதான் தயாராச்சு. இந்தப் பதிவு அந்த மீதிப் பாதிக்காக.

முதல்ல இரும்பு

சுத்தமான இரும்பு உருகணும்னா 1538 டிகிரி செல்சியஸ் வேணும். பழங்காலத்துத் துருத்தியும் கரியும் வெச்சு அந்தச் சூட்டைத் தொடுறது கஷ்டம். அதனால உலகத்துல பெரும்பாலான இடங்கள்ல இரும்பு உருகி ஓடலை. கசடும் இரும்புமா பஞ்சு மாதிரி ஒரு கட்டி உலைக்குள்ள தங்கும். அதை எடுத்து அடிச்சு அடிச்சுத்தான் இரும்பாக்கினாங்க.

சீனாக்காரங்க வேற வழி பிடிச்சாங்க. இரும்புல மூணு நாலு சதவீதம் கரி கலந்துட்டா உருகுற சூடு 1150 டிகிரி பக்கம் இறங்கிடும். உயரமான உலை, பலமான காத்து, நிறைய கரி. கி.மு. 5-ம் நூற்றாண்டு வாக்கிலேயே அவங்க இரும்பைத் தண்ணி மாதிரி ஓடவிட்டு அச்சுல வார்த்தாங்க. இது நல்ல வியாபாரம்னு தெரிஞ்சதும் கி.மு. 117-ல் ஹான் பேரரசு உப்பையும் இரும்பையும் அரசாங்க ஏகபோகமாக்கிடுச்சு. கி.மு. 81-ல் அரசவையில் இதைப் பத்திப் பெரிய விவாதமே நடந்தது. அரசாங்கப் பட்டறையில செய்யுற இரும்புச் சாமான் உருப்படியா இல்லை, வேலைக்கு உதவலைன்னு அறிஞர்கள் அப்பவே புலம்பியிருக்காங்க. அரசாங்கச் சரக்கு மேல உள்ள குறைக்கு 2100 வருஷ வயசு :-)

நம்ம ஊர்லயும் இரும்புக்குப் பஞ்சமில்லை. கொடுமணல் அகழாய்வில் இரும்பு உலைகள் கிடைச்சிருக்கு. சின்ன மண்குகையில் இரும்பையும் கரிப்பொருளையும் அடைச்சு உருக்கி எடுத்த எஃகு உலகப் புகழ் பெற்றது. 'உருக்கு'ங்கற பேர்லயே அந்தத் தொழில்நுட்பம் இருக்கு. ஆனா அந்த உருக்கு வாளுக்கும் கத்திக்கும் போச்சு. வீட்டுச் சட்டி, கரண்டி, கல் எல்லாம் கொல்லர் அடிச்சுக் கொடுத்தது. அடிச்ச இரும்பும் துரு பிடிக்கும், ஒட்டும். அதையும் பழக்கத்தான் வேணும். அவ்வளவு ஏன், சேலத்துப் பக்கத்து மாக்கல் சட்டியைக்கூட கஞ்சியும் எண்ணெயும் விட்டுப் பழக்கித்தான் அடுப்புல வைப்பாங்க. வார்ப்பிரும்பு நம்ம அடுப்படிக்கு வர்றதுக்கு முன்னாடியே பழக்குற வித்தை இங்க தயாரா இருந்தது.

ஐரோப்பிய பாணியில் பெரிய ஊதுலை வெச்சு இரும்பு உருக்குற முயற்சி தமிழ்நாட்டுக்கு வந்தது 1830-ல். கம்பெனி உத்தியோகத்துல இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் ஆலை போட்டார். சேலத்துத் தாது, மரக்கரி எரிபொருள். காட்டை வெட்டி வெட்டிக் கரி போடுற தொழில் எத்தனை நாள் தாங்கும்? அந்த நூற்றாண்டு முடியறதுக்குள்ள ஆலை மூடப்பட்டது. பின்னால 20-ம் நூற்றாண்டில் பஞ்சாலையும் பம்புசெட்டும் வளர்ந்தப்போ கோயமுத்தூர் பக்கம் ஃபவுண்டரிகள் பெருகின. பம்பு வார்க்கிற தொழிலும் தோசைக்கல் வார்க்கிற தொழிலும் ஒண்ணேதான். மணல் அச்சு, உருகின இரும்பு, அவ்வளவுதான். அந்த மணல் அச்சுக்கும் ஒரு கதை உண்டு. அதுக்கு இங்கிலாந்து போகணும்.

ஒரு பானையும் ஒரு புரட்சியும்

ஆப்ரகாம் டார்பி பிறந்தது 1678-ல். பிரிஸ்டல் நகரத்துல பித்தளை வேலை பார்த்தவர். அப்போ நல்ல சமையல் பாத்திரம்னா பித்தளை, வெண்கலம்தான். அது ஏழை வீட்டுக்கு எட்டாத விலை. அதையே இரும்புல வார்த்தா? வார்க்கலாம், ஆனா ஒவ்வொரு பானைக்கும் களிமண் அச்சு செஞ்சு, காயவெச்சு, ஊத்தி, உடைக்கணும். நாள் ஆகும்.

டார்பி மணல்ல வார்க்கிற முறையைப் பிடிச்சார். ஜான் தாமஸ்ங்கற உதவியாளரும் அவரும் கதவைச் சாத்தி, சாவித் துவாரத்தைக்கூட அடைச்சுட்டு சோதனை பண்ணாங்கன்னு அந்தக் குடும்பத்துல வழிவழியா சொல்லிவந்த கதை. 1707-ல் வயிறு பெருத்த இரும்புப் பானைகளை மணல்ல வார்க்கிறதுக்குக் காப்புரிமை கிடைச்சது.

அப்புறம் கோல்புரூக்டேல்ங்கற ஊருக்குப் போய் 1709-ல் மரக்கரிக்குப் பதிலா கல்கரி போட்டு இரும்பு உருக்கினார். இது பள்ளிக்கூடப் பாடத்துலயே வரும், தொழிற்புரட்சியோட ஆரம்பம்னு. பாடத்துல விட்டுப்போன ஒண்ணு சொல்றேன். அந்தக் கல்கரி இரும்பு, அடிச்சு வேலை செய்யுற கொல்லுப்பட்டறைக்குச் சரிப்பட்டு வரலை. சிலிக்கான் அதிகம். ஆனா அதே சிலிக்கானால உருகின இரும்பு மெல்லிசான அச்சுக்குள்ளயும் நல்லா ஓடிச்சு. மெல்லிசா, எடை குறைவா, விலை மலிவா பானை வார்க்க அதைவிட நல்ல இரும்பு இல்லை. கொல்லுப்பட்டறைகள் கல்கரி இரும்பை ஏத்துக்க 1750-கள் வரைக்கும் ஆச்சு. நடுவுல நாப்பது வருஷம் அந்தத் தொழில்நுட்பம் பிழைச்சுக் கிடந்ததுக்கு சமையல் பாத்திரம் ஒரு முக்கியக் காரணம்!

இன்னிக்கு அந்தப் பக்கம் போறவங்க எல்லாரும் டார்பி பேரன் 1779-ல் எழுப்பின இரும்புப் பாலத்தைப் பார்த்துட்டு வர்றாங்க. பாலத்தை யாரு வேண்டாம்னா? அதுக்கு முன்னாடி பானைன்னு ஒண்ணு இருந்ததையும் ஞாபகம் வெச்சுக்கணும்.

டார்பிக்குக் கிடைச்ச காப்புரிமை வார்க்கிறதுக்கு. வார்த்ததை வழுக்கவைக்கிறதுக்கு இல்லை. பானையில கஞ்சி கொதிக்க வழுவழுப்பு பெருசா தேவையில்லைதான். தட்டையான கல்லுலயும் வாணலியிலயும்தான் ஒட்டுற பிரச்சினை. அதைத் தீர்த்தது யாருன்னு எந்த ஏட்டுலயும் பேரில்லை.

கருப்பா இருக்கே, அது என்ன?

நல்லாப் பழகின கல்லைத் தொட்டுப் பாருங்க. மேல தெரியுற கருப்பு இரும்பும் இல்லை, எண்ணெயும் இல்லை, அழுக்கும் இல்லை. எண்ணெயாப் பிறந்து வேற ஒண்ணா மாறினது.

சில எண்ணெய்களுக்கு 'காயுற' குணம் உண்டு. தண்ணி காயுற மாதிரி ஆவியாகிப் போறதில்லை. காத்துல உள்ள ஆக்சிஜன் சேர்ந்து, எண்ணெய் மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு கைகோத்து, வலை மாதிரி பின்னி, கெட்டியான படலமா நின்னுடும். ஆளிவிதை எண்ணெய் இதுல சூரன். அதனாலதான் ஐரோப்பிய ஓவியர்கள் வண்ணப் பொடியை அதுல குழைச்சு ஓவியம் தீட்டினாங்க. ஓவியத்துல வாரக்கணக்குல நடக்குறது, சூடான கல்லுல நிமிஷக்கணக்குல நடக்குது. சூட்டுல கொஞ்சம் கரியாவும் மாறி, கருப்பு நிறம் வருது. அருங்காட்சியகத்துல தொங்குற ஓவியமும் உங்க வீட்டுத் தோசைக்கல்லும் ஒரு வகையில ஒண்ணுவிட்ட சொந்தம்.

இதைத் தெரிஞ்சுக்கிட்டு நம்ம வீட்டுப் பெரியவங்க சொன்னதை ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க.

நல்லெண்ணெய்தான் தடவணும்னு சொல்வாங்க. நல்லெண்ணெயில் நூத்துக்கு 85 பங்கு நிறைவுறாக் கொழுப்பு. காயுற குணம் அதுலதான் இருக்கு. தேங்காயெண்ணெயில் கிட்டத்தட்ட 90 பங்கு நிறைவுற்ற கொழுப்பு, அது லேசுல காயாது. ஆளிவிதை எண்ணெய் இதைவிட வேகமாக் காயுமே? காயும். ஆனா அந்தப் படலம் கண்ணாடி மாதிரி விறைப்பா நின்னு, கொஞ்ச நாள்ல செதில் செதிலா உரியுதுன்னு போட்டுப் பார்த்தவங்க பல பேர் சொல்றாங்க. பாட்டி வேதியியல் படிக்கலை. ஆனா பரிசோதனை நிறைய செஞ்சிருக்காங்க, தினமும் காலையில.

புதுக் கல்லை ரெண்டு மூணு நாள் அரிசி களைஞ்ச தண்ணியிலயோ கஞ்சியிலயோ ஊறப்போடுன்னு சொல்வாங்க. வார்ப்பு மணலும் துருத்தூளும் இளகி வந்துடும். புளிச்ச கஞ்சியோட லேசான அமிலம் துருவைக் கரைக்கும்.

பாதி வெங்காயத்தைக் கரண்டிக் காம்புல குத்தி எண்ணெய் தொட்டுத் தேய்ப்பாங்க. எண்ணெயை மெல்லிசாப் பரப்ப அதைவிட நல்ல தூரிகை கிடையாது. தேய்க்கும்போது வர்ற சத்தத்துலயே கல்லு காய்ஞ்சது தெரிஞ்சுடும்.

தோசைக்கல்லுல சப்பாத்தி போடாதேன்னு ஒரு கண்டிப்பு உண்டு. அது மூடநம்பிக்கை இல்லை. சப்பாத்திக்குக் கல்லு எண்ணெயில்லாம வறட்டுச் சூட்டுல காயும். அந்தச் சூடு எல்லை மீறினா படலம் எரிஞ்சு போயிடும். அடுத்த நாள் தோசை ஒட்டும். ரெண்டுக்கும் ரெண்டு கல்லுன்னு வெச்சாங்க பாருங்க, அது சொத்துப் பாதுகாப்பு.

புளிக்குழம்பை இரும்புச் சட்டியில வெச்சிருக்காதேன்னு சொல்றதும் இதே கணக்கு. புளியோட அமிலம் படலத்தையும் அரிக்கும், இரும்பையும் கரைக்கும். குழம்பு கருத்து, வாயில இரும்பு வாடை அடிக்கும்.

சாம்பல், காரச் சோப்பு வேண்டாம்னதும் சரிதான். காரம் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக்கிப் பிரிக்கும், பலமான காரம்னா படலத்தையே கழட்டிடும். இப்போ கடையில வர்ற பாத்திரம் கழுவுற திரவத்துல அந்த மாதிரி காரம் இல்லை. ரெண்டு சொட்டு விட்டுக் கழுவினா நல்லாப் பழகின கல்லுக்கு ஒண்ணும் ஆகாது. ஊறப்போடுறதுதான் ஆபத்து.

பழக்காம விக்கலாமா?

அமெரிக்காவுல இதே கதை வேற பேர்ல நடந்தது. பென்சில்வேனியா மாநிலம் ஈரி நகரத்தில் 1865-ல் தொடங்கின கிரிஸ்வோல்டு, ஒஹாயோவில் 1891-ல் வாக்னர், டென்னசியில் 1896-ல் ஜோசப் லாட்ஜ் தொடங்கின பட்டறை. அந்தக் காலத்து கிரிஸ்வோல்டு, வாக்னர் வாணலிகளை உள்பக்கம் இழைச்சு வழவழன்னு அனுப்பினாங்க. ஆனா கருப்பாக்குறது வாங்கினவங்க வேலை. அங்கயும் அம்மா பொண்ணுக்குக் கொடுத்த சட்டிதான் பெரிய சொத்து.

அப்புறம் அலுமினியம் வந்தது, எவர்சில்வர் வந்தது. ஈரி ஆலை 1957-ல் மூடினது. இதுக்கு நடுவுல 1938 ஏப்ரல் 6-ம் தேதி டூபாண்ட் கம்பெனி ஆய்வகத்துல ராய் பிளங்கெட்ங்கற வேதியியலாளர் கையில தற்செயலா ஒரு வெள்ளைப் பொடி கிடைச்சது. அதுதான் டெஃப்லான். பிரான்சில் மார்க் கிரெகுவார்ங்கற பொறியாளர் அதை அலுமினியத்துல ஒட்டவைக்க வழி கண்டுபிடிச்சார். மனைவி கொலெத் சொல்லித்தான் அதைச் சமையல் சட்டிக்குப் போட்டார்னு சொல்வாங்க. 1956-ல் டெஃபால் கம்பெனி பிறந்தது. அடுப்படியிலிருந்த அந்தம்மாவோட பேர் எந்த அளவுக்கு ஞாபகம் இருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

டெஃப்லான் சொன்ன சேதி ஒரே வரிதான்: பழக்க வேண்டாம், வாங்கினாப் போதும். வேலைக்குப் போற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதின்னு நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். காலை ஏழு மணிக்கு நாலு பேருக்கு டிபன் கட்டுறவங்ககிட்டப் போய் பாரம்பரியம் பேசக் கூடாது.

ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்கே. டெஃப்லான் தயாரிக்கிறப்போ பி.எஃப்.ஓ.ஏ.ன்னு ஒரு ரசாயனம் பயன்பட்டது. மேற்கு வர்ஜீனியாவில் ஆலையைச் சுத்தியிருந்த ஊர்களோட குடிதண்ணியில அது கலந்து, 2001-ல் மக்கள் கூட்டாக வழக்குப் போட்டாங்க. 2015-க்குள்ள அதைக் கைவிடுறதா 2006-ல் எட்டுக் கம்பெனிகள் அமெரிக்க அரசோட திட்டத்துல சேர்ந்தன. 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் அது ஏறினது. 2023-ல் மனுஷருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தினது. பயமுறுத்தச் சொல்லலை. இப்போ கடையில இருக்கிற நான்ஸ்டிக் அந்த ரசாயனம் இல்லாமத்தான் வருது, மிதமான சூட்டுல அதால பிரச்சினையும் இல்லை. ஆனா கீறல் விழுந்தா அது குப்பை. கல்லுல கீறல் விழுந்தா? நாலு தோசை வார்த்தாப் போதும், மூடிக்கும்.

2002-ல் லாட்ஜ் கம்பெனி எண்ணெய் தெளிச்சு, உலையில சுட்டு, பழக்கின சட்டியாவே விக்க ஆரம்பிச்சது. அது நல்லா ஓடவும் மத்தவங்களும் பின்னால வந்தாங்க. இப்போ நம்ம ஊர் இணையக் கடைகள்லயும் 'பழக்கிய தோசைக்கல்' கிடைக்குது. டார்பி காப்புரிமை வாங்கி 295 வருஷம் கழிச்சு, அடுப்படியில நடந்த வேலைக்கு முதல் தடவையா பில்லுல ஒரு விலை விழுந்திருக்கு. அதாவது, அதுவரைக்கும் அந்த வேலையை ஓசியில வாங்கிக்கிட்டு இருந்தோம்னு அர்த்தம். ஆலையில சுட்டு அனுப்புறதும் தொடக்கம்தான். மிச்சத்தை வீட்டுலதான் முடிக்கணும்.

எப்படி முடிக்கிறது? தேய்ச்சுக் கழுவி, உடனே அடுப்புல வெச்சு ஈரம் போகக் காயவிடுங்க. துளி நல்லெண்ணெய் தடவி, தடவினதே தெரியாத மாதிரி துணியால துடைச்சு எடுங்க. எல்லாரும் கோட்டை விடுற இடம் இதுதான். எண்ணெய் தடிப்பா நின்னா படலம் வராது, பிசுபிசுப்புதான் வரும். லேசாப் புகை வர்ற வரைக்கும் சூடு காட்டி ஆறவிடுங்க. நாலஞ்சு தடவை இப்படிச் செஞ்சுட்டு அப்புறம் மாவை வாருங்க. சூட்டுக் கல்லுல பச்சைத்தண்ணியை மொத்தமா ஊத்தாதீங்க, வார்ப்பிரும்பு விரிசல் விட்டுடும். துரு பிடிச்சாலும் கவலை வேண்டாம். புளி போட்டுத் தேய்ச்சா துரு போயிடும், திரும்ப முதல்லேர்ந்து பழக்கலாம்.

காயலான் கடையில பழைய கல்லைப் போட்டா கிலோக் கணக்குல காசு கொடுப்பாங்க. அந்தக் காசு இரும்புக்கு. முப்பது நாப்பது வருஷமா ஒருத்தர் நின்னு வார்த்து வார்த்து ஏத்தின அந்தக் கருப்புக்குத் தராசுல எடை இல்லை. வீடு மாத்தும்போது, அம்மா போனப்புறம், பரண் காலி பண்றப்போ எத்தனை கல்லு இப்படிப் போயிருக்கும்!

கல்லு போனாக்கூட வேற வாங்கலாம். பழக்குற முறை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேற. கஞ்சியா கழுநீரா, எத்தனை நாள், முதல் தோசையை யாருக்குப் போடுறது, எதுவும் எழுதிவெச்சதில்லை. கேட்டாத்தான் சொல்வாங்க. கேக்குற நாளும் குறைஞ்சுக்கிட்டே வருது. அதனால உங்க வீட்டுல எப்படின்னு பெரியவங்களைக் கேட்டு, ஆளுக்கு ஒரு பதிவு போடுங்க. யார் சொன்னாங்கன்னு அவங்க பேரையும் மறக்காமப் போடுங்க. டார்பி பேர் ஏற்கெனவே இருக்கு.